இரண்டாம் பக்கத்தில் நான் எழுதியது

ஹபீபை மில் அணியில் சேர்க்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது நான்தான் என்று சொல்கிறார்கள். அது சரியல்ல. சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதினேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் வைத்தியலிங்கம் சாரைப் பற்றி என்னால் எழுத முடியும். பழைய ஆட்டக்காரர்கள் கொண்டுவரும் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தருகிறேன். இரண்டையும் அச்சிட வேண்டும், அல்லது இரண்டையும் விட்டுவிட வேண்டும். இந்த நிபந்தனைக்குக் காரணம் படித்தால் தெரியும்.

சார் இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. செம்மண்டலத்தில் எங்கள் தெருமுனைச் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்று இருந்தது. பசை காய்ந்து, ஒரு மூலை கிழிந்து தொங்கியது. மருந்து வாங்கப் போனவள் அதன் முன்னால் நின்றேன். வயது தொண்ணூற்றொன்று என்று போட்டிருந்தது. தலைப்பெழுத்தைத் தவறாகப் போட்டிருந்தார்கள். நான்கு வருடம் அவர் கையொப்பத்துக்குக் கீழே தேதி எழுதியவள் நான்; எனக்குத் தெரியாதா? மருந்துக் கடைப் பெண்ணிடம் கேட்டேன். "அவுங்கள எடுத்து நாலு நாளாச்சேம்மா, உங்குளுக்குச் சொல்லலியா?" என்றாள். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மருந்தைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டேன்.

இளையவர்களுக்காகச் சில விவரங்கள். அறுபதுகளின் நடுவில் கடலூருக்கு வெளியே இருந்த எங்கள் மில்லுக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. ஆட்டக்காரர்கள் சம்பளப் பட்டியலில் கிளார்க், ஸ்டோர்கீப்பர் என்று இருப்பார்கள். உண்மையில் அவர்களுடைய வேலை பந்துதான். காலையில் ஒப்புக்கு ஒரு மணி நேரம் மேசையில் உட்கார்ந்துவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார்கள். தோற்றால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். அந்த அணிக்கு மேலாளர் தொழிலாளர் நல அதிகாரி வைத்தியலிங்கம் சார். நான் அவருடைய அலுவலகத்தில் தட்டச்சாளர். கடலூரில் கான்வென்ட்டில் படித்து முடித்து நேராக அங்கே வந்தவள். பள்ளியில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் எனக்கு ஸ்கோர் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார். சாருக்கு அது தெரிந்ததும் என்னை மைதானத்து மேசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

முதல் நாளே எதிரணி மேலாளர் சிரித்தார். "என்னா சார், ஸ்கோர் எழுத ஆம்பள யாரும் கெடைக்கலியா?"

"ஸ்கோர் எழுதக் கண்ணு இருந்தா போதும்யா. மீசை எதுக்கு?" என்றார் சார்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எதிரணி மேலாளருக்குப் பெரிய மீசை. அன்று முதல் என்னை யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்காக ஓர் அதிகாரி அப்படிப் பேசுவது சிறிய காரியம் அல்ல. அதை நான் மறுக்கப் போவதில்லை.

ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில் ஒன்றைச் சிதம்பரத்தில் வாங்கிவந்து கொடுத்தார். "செவப்பு நமக்கு, நீலம் அவுங்களுக்கு." ஸ்கோர் தாளில் அப்படியே எழுதினேன். கூடவே எனக்கென்று ஒரு நோட்டும் வைத்துக்கொண்டேன். கூடை விழுந்தால் போட்டவர் பெயரைத் தாளில் எழுதுவது எல்லோரும் செய்வது. அவருக்குப் பந்தைக் கொடுத்தவர் பெயருக்கு நேரே என் நோட்டில் ஒரு சிறிய வட்டம் போடுவேன். அப்போது எங்கள் பக்கத்தில் யாரும் அதை எண்ணவில்லை. ஒருநாள் சார் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்னம்மா வட்டம் வட்டமா?"

சொன்னேன்.

"அத யாரு உன்ன கேட்டா?"

"யாரும் கேட்கல சார்."

இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். "பந்து வச்சிருக்கறவன ஊரே பாக்கும். நீ அத விட்டவன பாக்கற. விடாத, எழுது" என்றார். என் வேலையைப் பற்றி என் வாழ்நாளில் ஒருவர் சொன்ன மிக நல்ல வார்த்தை அது. என் கணவர்கூட அப்படிச் சொன்னதில்லை.

சாரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. யாரிடமும் அவர் வாயால் 'இல்லை' என்று சொல்லமாட்டார். பயிற்சிக்குத் தொடர்ந்து தாமதமாக வந்த ஓர் ஆட்டக்காரரை நீக்க வேண்டியிருந்தது. அவரை அழைத்து, மில் வாசலில் வரும் நேரம் குறிக்கும் பதிவேட்டைத் திறந்து முன்னால் தள்ளினார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா. நீயே படி." அந்த ஆள் படித்தார், எழுந்து போனார். நான் தட்டச்சுப் பொறிக்குப் பின்னால் உட்கார்ந்து, என்ன நியாயமான மனிதர் என்று நினைத்தேன். சொந்த விருப்பு வெறுப்பு இல்லாமல் தாளைப் பேச வைக்கிறாரே என்று. எனக்கு அப்போது வயது இருபது.

ஹபீபை அழைத்து வந்தவர், கூடைக்குக் கீழே நின்று ஆடும் எங்கள் சென்டர் ஜோசப். ஜோசப் ஆறடி இரண்டங்குலம். ஹபீப் ஐந்தடி மூன்று. இருவரும் அலுவலக வாசலில் வந்து நின்றபோது எழுத்தர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஹபீபின் அப்பாவுக்குச் சிதம்பரம் மேல வீதியில் துணிக்கடை. அங்கே ஒரு கல்லூரி மைதானத்தில் மாணவர்களோடு ஆடிப் பழகியவர். பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கார்டு இடத்துக்கு ஆடுபவர். அணியில் காலியாக இருந்தது ஒரே இடம். அதற்குத் திருச்சியிலிருந்து ஆறடி ஆள் ஒருவரும் வந்திருந்தார். இருவரையும் மூன்று ஆட்டங்களில் பார்த்து முடிவு செய்வது என்று ஏற்பாடு.

ஹபீபுக்கு அவசரம் இருந்தது. அவருடைய தாய்மாமன் மலேயாவில் கடை வைத்திருந்தார். கப்பல் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, வா வா என்று எழுதிக்கொண்டிருந்தார். "பந்தா கப்பலான்னு சீக்கிரம் சொல்லிடச் சொல்லுங்க மிஸ். மாமா கடுதாசி மேல கடுதாசியா போடறாரு" என்பார். கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் ஆட்டக்காரர்கள் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மூன்றாவது ஆட்டம் சிதம்பரத்தில், மாலை நான்கு மணி வெயிலில். எதிரணி சென்னையிலிருந்து வந்தது. ஹபீபுக்குச் சொந்த ஊர் என்பதால் கேலி செய்யவும் சொந்தக்காரர்களே வந்திருந்தார்கள்.

"டேய் குட்ட, ஏணி கொண்டாந்து தரட்டுமா?"

"ஏணி எதுக்கு மச்சான், நீ கொஞ்சம் குனி. போதும்."

நடுவர்கூடச் சிரித்துவிட்டார். ஆட்டம் தொடங்கியதும் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. எதிரணி கார்டு நல்ல உயரம். ஹபீபின் தலைக்கு மேலாகவே அந்த ஆள் கூடை கூடையாகப் போட்டார். அஞ்சல் பெட்டிக்கு எட்டாத குழந்தைபோல ஹபீப் குதித்துக் குதித்துப் பார்த்தார். எழுதும்போது எனக்கே வேதனையாக இருந்தது. ஆனால் எழுதினேன். பலகையில் பட்டுத் திரும்பும் பந்து ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அதையும் எழுதினேன்.

இரண்டாம் பாதியில் சார் அவரை வெளியே அழைத்து, திருச்சி ஆளை இறக்கினார். அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. எதிரணி முழு மைதானத்திலும் நெருக்கிப் பிடித்தது. எங்களவர்களால் பந்தை நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக முடியவில்லை. மூன்று முறை தொடர்ந்து பிடுங்கிக்கொண்டார்கள். ஜோசப் கூடைக்குக் கீழே இரண்டு கையையும் தூக்கியபடி நின்றார். பந்துதான் வரவில்லை. "சார், அவன உள்ள அனுப்புங்க சார்! கைய தூக்கித் தூக்கி வலிக்குது!" என்று அங்கிருந்தே கத்தினார். சார் ஹபீபைத் திரும்ப அனுப்பினார். உயரமான கைகளுக்குக் கீழே, தரையை ஒட்டி, தன் முழங்காலுக்கு மேல் எழாதபடி பந்தைத் தட்டிக்கொண்டு அவர் நடுக்கோட்டைத் தாண்டினார். ஜோசப்புக்குப் பந்து கிடைத்தது, அவருக்குப் பிடித்த இடது பக்கத்தில், பிடித்த உயரத்தில். ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் தாளில் ஹபீப் பெயருக்கு நேரே இரண்டே கூடை. என் நோட்டில் அவர் பெயருக்கு நேரே வட்டம் போட இடம் போதாமல் ஓரத்தில் போட்டிருந்தேன். ஜெயித்தோம்.

மறுநாள் சார் என்னை அழைத்தார். "ரெண்டு பேர்ல யாருன்னு நீயே எழுதிக் குடு. எனுக்கு உன் நோட்டு மேலதான் நம்பிக்கை. கொறைய ஒளிக்காத. கையாலயே எழுது. மெஷின்ல அடிச்சா நாலு பேர் கண்ணுல படும்."

அதனால் கார்பன் நகல் இல்லை. இதைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எதையும் மதிப்பிடும்போது குறையை முதலில் எழுது, நிறையைப் பிறகு எழுது என்பது எங்கள் சிஸ்டரின் விதி. புகழ்ந்துவிட்டுக் குறை சொன்னால் கேட்பவர் மனத்தில் குறைதான் நிற்கும் என்பார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது இன்னொரு விதி. இடாத பக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது. இரண்டையும் அப்படியே பின்பற்றினேன். இரண்டு தாள், ஒரு பக்கம் மட்டும் எழுதி, நீல மையில்.

முதல் தாளில் ஹபீபின் குறைகள். உயரம் போதாது. உயரமான கார்டைத் தடுக்க முடியாது. பலகைப் பந்து எடுப்பதில்லை. எதிரணிக் கூடைக்கு அருகில் நெருக்கினால் மூலைக்குள் போய் மாட்டிக்கொள்கிறார். ஆட்டத்தின்போது பேச்சு ஜாஸ்தி. ஐந்தும் உண்மை. அடியில் என் சுருக்கொப்பம்.

இரண்டாம் தாளில் எழுதியதை இன்றும் என்னால் ஒப்பிக்க முடியும். நம் அணியில் ஏற்கெனவே மூன்று உயரமானவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பந்தைச் சேர்க்கத்தான் ஆள் இல்லை. நான்காவது உயரமானவர் வந்தால், பந்து வரட்டும் என்று காத்திருப்பவர்கள் நான்கு பேராகிவிடுவார்கள். தடுப்பாட்டத்தில் ஆளுக்கு ஆள் நிற்காமல் இடத்தைப் பிரித்துக்கொண்டு நின்று, ஹபீபை முன்வரிசையில் வைத்தால் அவருடைய உயரக்குறை பாதி மறையும். முதல் தாளில் சொன்ன குறைகள் எல்லாம் சுற்றியிருப்பவர்களால் ஈடுசெய்யக் கூடியவை. அவருடைய நிறையை ஈடுசெய்ய நம்மிடம் யாரும் இல்லை. ஆகவே இவரையே எடுக்கப் பரிந்துரைக்கிறேன். அடியில் சுருக்கொப்பம். இரண்டு தாளையும் இடது மேல் மூலையில் ஒரு குண்டூசியால் இணைத்து சார் கையில் கொடுத்தேன். பக்க எண் போடவில்லை. அது என் பிழை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அதை ஒப்புக்கொள்கிறேன்.

திருச்சி ஆளை எடுத்தார்கள். என்ன நடந்தது என்று சாரிடம் கேட்டேன். "மேல ஒத்துக்கலம்மா. ஆனா உன் ரிப்போர்ட்ட படிச்சிட்டு, யாரு எழுதுனது, இவ்ளோ தெளிவா இருக்குதுன்னு கேட்டாரு டைரக்டர்" என்றார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இதையும் மறைக்க விரும்பவில்லை. ஒருவருடைய இடம் போயிருக்கிறது, நான் என் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டோடு வீட்டுக்குப் போனேன். அந்த வாரம் மில் வாசலில் ஹபீப் எதிரே வந்தார். என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார். அவருக்காக எழுதிய என்னிடமே இந்த மரியாதைக் குறைவா என்று எனக்குக் கோபம். கூப்பிட்டுக் கேட்கவில்லை. கூப்பிட்டுக் கேட்பது என் வழக்கம் அல்ல. அவர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டதாகப் பிறகு ஜோசப் சொன்னார்.

இனி, மஞ்சக்குப்பம் மண்டபத்தில் நடந்த படத்திறப்பு. உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். சாரின் மகன் மோகன், அப்பாவின் கோப்புகளிலிருந்து எடுத்த ஒரு தாளைக் கண்ணாடிக் காகிதம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஜோசப் கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு அதை உரக்கப் படித்தார். "சார் எந்த ஆட்டக்காரனையும் தன் இஷ்டத்துக்குத் தள்ளுனவரு இல்ல. பாருங்க, எல்லாம் எழுத்துல இருக்குது. ஸ்கோர் எழுதுன மிஸ் குடுத்த ரிப்போர்ட்டு." உயரம் போதாது. தடுக்க முடியாது. ஒன்றிலிருந்து ஐந்து வரை. படித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினீர்கள். ஜோசப்பின் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் மனதாரப் புகழ்ந்தார். இரண்டாம் வரிசையில் இருந்த நான் எழுந்து போய்த் தாளை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து. என் சுருக்கொப்பம். இடது மேல் மூலையில் துருவோடு இரண்டு சிறிய துளை. ஒற்றைத் தாளுக்கு யாரும் குண்டூசி குத்துவதில்லை. அதை யாரும் பார்க்கவில்லை.

அப்போது பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். நரைத்த தாடி, தொப்பி. இப்போதும் என் உயரம்தான்.

"மிஸ், என்னத் தெரியுதா?"

"ஹபீப்."

"ஊரோட வந்துட்டேன் மிஸ். சிதம்பரத்துல மவ வீட்ல இருக்கறேன்." தாளைக் காட்டினார். "இத அன்னிக்கே சார் எனுக்குக் காட்டிட்டாரு. நான் ஒண்ணும் சொல்லலப்பா, நீயே படின்னாரு."

அந்த வார்த்தைகளை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கேட்டு மெச்சியிருக்கிறேன்.

"இது முதல் பக்கம், ஹபீப். இன்னொரு பக்கம் இருந்தது. உங்களை எடுக்கச் சொல்லி எழுதியிருந்தேன்."

"இருக்கும் மிஸ், இருக்கும். விடுங்க." வயதானவர்களைச் சமாதானப்படுத்தும் குரல் அது. அவருக்கும் எண்பதுக்கு மேல் ஆகிறது. "உங்க மேல எனுக்குக் கோவம் இல்ல. கப்பல்லயே மன்னிச்சிட்டேன். இல்லாத ஹைட்ட இருக்குதுன்னு எழுத முடியுமா? போனதும் நல்லதுக்குத்தான். கட இருந்துச்சு, புள்ளைங்க படிச்சிதுங்க."

சிரித்தபடிதான் சொன்னார். அவருடைய கோபத்தை நான் தாங்கியிருப்பேன். நான் செய்யாத ஒன்றுக்கு, இத்தனை வருடமாக, கடல் கடந்து ஒருவர் என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைத் தாங்க முடியவில்லை.

சார் ஏன் அப்படிச் செய்தார் என்று பல நாள் யோசித்தேன். மேலிடம் திருச்சி ஆளை முன்பே தீர்மானித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை ஹபீபிடம் வாயால் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லச் சங்கடப்பட்டு, ஓர் ஊசியைக் கழற்றி, என் எழுத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதியை நீட்டினார். என் நோட்டு மேல் நம்பிக்கை என்றார். அந்த நம்பிக்கையை மற்றவர்களும் என் மீது வைத்திருந்தார்கள் என்பதால்தான் அந்தத் தாள் அவருக்குப் பயன்பட்டது. அதன்பின் இரண்டு வருடம் அவர் எதிரிலேயே உட்கார்ந்து வேலை செய்தேன். என் திருமணத்துக்கு வந்து ஆசீர்வாதம் செய்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் நேரே போய்க் கேட்டிருப்பேன். அந்த வாய்ப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்ன என்று மலர்க் குழுவினர் கேட்டிருந்தீர்கள். கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்த அந்தப் பென்சில் இருக்கிறது. நீல முனை தீர்ந்துவிட்டது, சிவப்பு மட்டும் உண்டு. பந்தை விட்டவரைப் பார் என்று அவர் சொன்னது இருக்கிறது. பேரன் தொலைக்காட்சியில் கூடைப்பந்து பார்க்கும்போது இன்றும் என் கண் அங்கேதான் போகிறது. மீசையைப் பற்றிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, அதுதான் எனக்குக் கோபம். இவற்றைத் திருப்பித் தர எனக்கு மனம் இல்லை. அந்தத் தாளுக்கு இவை ஈடாகும் என்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

என் கணவர் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். எதைச் சொன்னாலும், "எழுதி வாங்கினியா?" என்றுதான் முதலில் கேட்பார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் கேட்டிருக்கக் கூடியதை இப்போது நான் கேட்கிறேன்.

தம்பி மோகன், உங்கள் அப்பாவின் கோப்புகளில் அந்தத் தாள் இருந்த இடத்தில் இன்னொரு முறை தேடுங்கள். நீல மை, என் கையெழுத்து, அடியில் அதே சுருக்கொப்பம், இடது மேல் மூலையில் அதே ஊசித் துளை. எதையும் எறியாதவர் உங்கள் அப்பா. கிடைத்தால் முதல் நகலை ஹபீபுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்ததை எனக்கு அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் தேடினேன், இல்லை என்று எழுதுங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். என் முகவரி மலர்க் குழுவினரிடம் இருக்கிறது. எதுவானாலும் ஒரு தாளில் எழுதி, கையொப்பமிட்டு, பக்க எண் போட்டு எனக்குப் பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.